சோலார் விளக்கு மூன்றாம் வருடமும் எரியுமா?

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 2

பேனல் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. எல்இடி பல்பு மலிவு, பேட்டரியும் மலிவு. கரண்ட் வராத கிராமத்தில் வீட்டுக்கு ஒரு சோலார் விளக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இதற்குப் போய் இத்தனை திட்டம், பயிற்சி, கமிட்டி எல்லாம் எதற்கு? நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஊருக்குச் செய்யலாம் என்றிருக்கிறோம். நாற்பது வீடு. எதை வாங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

மார்ச் 2, இரவு

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. மூன்றாம் வருடம் பேட்டரி படுத்துவிட்டால் அந்த வீட்டுக்காரர் யாரிடம் போவார்? அதற்குப் பதில் வைத்திருந்தால் எந்த விளக்கை வாங்கினாலும் சமாளித்துவிடலாம். பதில் இல்லையென்றால் எதை வாங்கினாலும் பணம் தண்டம்.

சின்ன சோலார் அமைப்புகளை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் பல வருடங்களாக என் பிழைப்பு. கிராமங்களில் நான் அவிழ்த்துப் பார்த்த செத்த விளக்குகளில் பேனல் கெட்டுப்போனது அபூர்வம். கண்ணாடி உடையாமல் இருந்தால் பேனல் இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும். எல்இடியும் லேசில் போகாது. முதலில் போவது பேட்டரி. அடுத்து சுவிட்ச், ஒயர் இணைப்பு, பேட்டரி அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ளும் சார்ஜ் கன்ட்ரோலர். ஐந்து நிமிட சாலிடர் (ஈயப் பற்றவைப்பு) வேலையில் எரிந்துவிடக்கூடிய விளக்கு பரணில் தூசி படிந்து கிடக்கும். அந்த வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கமாட்டார். இருந்தாலும் விளக்கின் மூடியைக் கழற்ற முடியாது, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். திருகாணி போட்ட விளக்கா, ஒட்டிய விளக்கா என்று பாருங்கள். கையில் எடுத்ததும் நான் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

மார்ச் 3

விலை இறங்கிவிட்டது என்று நீங்கள் சொல்வது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பேனலைவிட விளக்குதான் இதில் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். 1993இல் ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் இருந்த ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு போட்டு வெள்ளை வெளிச்சம் எடுத்தார்கள். அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது இந்த நீல எல்இடிக்காகத்தான். அதற்கு முன்பு சோலார் என்றால் சின்ன டியூப் அல்லது சிஎஃப்எல். ஒரு வீட்டுக்கு இரண்டு விளக்கு எரிய வேண்டுமென்றாலே பெரிய பேனலும் தூக்க முடியாத பேட்டரியும் வேண்டும். இப்போது அதே வெளிச்சத்தை 3 வாட்டில் எடுத்துவிடலாம்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் இர்வின்-ஹாலிடே 1997இல் நேபாளத்து மலைப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு இருட்டுப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். ஊர் திரும்பியதும் வெள்ளை எல்இடியை வைத்துக் கிராம விளக்கு செய்யும் வேலையில் இறங்கினார். அந்த எல்இடி அப்போது தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இதை எழுதக் காரணம் உண்டு. கருவி கிடைத்துப் பல வருடமாகிவிட்டது. அப்புறமும் 2022 கணக்கில் உலகத்தில் சுமார் 68 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. பெரும்பாலானோர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். விலை மட்டும்தான் தடை என்றால் இந்த எண் இன்னும் வேகமாகக் கரைந்திருக்க வேண்டும்.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டால் இந்த வேலையின் அவசரம் புரியாது. கண்ணாடி இல்லாத திரி விளக்கு ஒன்று தரும் வெளிச்சம் ஏறக்குறைய 10 லூமன். 3 வாட் எல்இடி கிட்டத்தட்ட 300 லூமன். திரி விளக்கில் எரிகிற மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கரிப்புகையாகவே வெளியே வருகிறது என்று 2012இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அந்த வீடுகளுக்குள் போனால் அளவுகோலே தேவையில்லை. மாடத்துக்கு மேலே சுவரில் நாக்கு நீட்டியது மாதிரி ஒரு கறுப்புப் பட்டை கூரைவரைக்கும் போகும். விளக்குக்குப் பக்கத்தில் குனிந்து படித்த பிள்ளை காலையில் மூக்கைச் சிந்தினால் துணியில் கறுப்பாக வரும். விளக்கு கவிழ்ந்து சுட்டுக்கொண்ட தழும்பும் பல வீடுகளில் உண்டு.

அதனால் "சரியான ஏற்பாடு வரும்வரை காத்திருங்கள்" என்று நான் சொல்லவில்லை. தள்ளிப்போடாதீர்கள். விளக்கைக் கொடுப்பதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மார்ச் 5

இலவசம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏழைகளிடம் காசு வாங்கச் சொல்கிறேனா என்று ஒருவருக்குக் கோபம்.

அவர்கள் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு, மெழுகுவத்திக்கு, டார்ச் பேட்டரிக்கு, அடுத்த ஊருக்குப் போய் போன் சார்ஜ் போடுவதற்கு. ஒரு மாதச் செலவைக் கூட்டிப் பார்த்தால் கரண்ட் உள்ள வீடு அதே வெளிச்சத்துக்குக் கொடுப்பதைவிட எத்தனையோ மடங்கு அதிகம் வரும். மொத்தமாகக் கொடுக்கத்தான் அவர்களிடம் இல்லை. கர்நாடகத்தில் 1995இல் செல்கோ என்ற சோலார் நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஹரீஷ் ஹண்டே இதைத் தெரு வியாபாரிகளிடமிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்வார். மாதம் 300 ரூபாய் என்றால் முடியாது, தினம் 10 ரூபாய் என்றால் முடியும். இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் தினக்கூலி வாங்குகிறவருக்கு மாதக் கடைசி என்று ஒன்று கிடையாதே. அதனால் செல்கோ விளக்கைச் செய்ததோடு நிற்காமல், கிராம வங்கிகளிடம் பேசி அவரவர் வரும்படிக்குத் தகுந்த தவணையையும் ஏற்பாடு செய்தது. ஹண்டேவுக்கு 2011இல் மகசேசே விருது கிடைத்தது.

வங்கதேசம் இன்னும் பெரிய கதை. கிராமீன் சக்தி என்ற சோலார் நிறுவனம் 1996இல் தொடங்கியது. பிறகு 2003இல் இட்கோல் என்ற அரசு நிதி நிறுவனம் வீட்டு சோலார் திட்டத்தைக் கையில் எடுத்தது. முன்பணம் கொஞ்சம், மீதி மாதத் தவணை. தவணை வாங்க வருகிறவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போவார். பேட்டரிக்கு ஐந்து வருட உத்தரவாதம். இப்படியே 40 லட்சத்துக்கும் மேல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மாத வருகைதான் இதில் உயிர்நாடி. காசு வாங்க வந்தவரிடம் "விளக்கு மங்கலாக எரிகிறது" என்று சொல்ல முடியும். இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனவரை எங்கே போய்த் தேடுவது?

அங்கேயே பிறகு வேறு ஒரு அரசுத் திட்டத்தில் சோலாரை இலவசமாகக் கொடுத்தார்கள், மின்கம்பிகளும் வேகமாக வந்தன. தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் "நாம் மட்டும் ஏன் கட்டணும்" என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். விற்பனையும் விழுந்தது, வசூலும் விழுந்தது. அடுத்த ஊருக்கு இலவசமாகக் கொடுப்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, இரவு

கென்யாவில் தவணைக்கு சோலார் விற்கும் எம்-கோபாவின் முறையைக் கேட்டவருக்கு: ஆமாம், அங்கே 2007இலேயே எம்-பெசா என்ற போன் பணம் வந்துவிட்டதால் அது முடிந்தது. சோலார் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். கொஞ்சம் முன்பணம், பிறகு தினமும் போனில் சிறு தொகை. கட்டாத நாளில் பெட்டி பூட்டிக்கொள்ளும், கட்டி முடித்தால் சொந்தம். வசூலுக்கு ஆள் நடக்க வேண்டாம். லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கிறது.

எனக்கு அந்தப் பூட்டு மனசுக்கு ஒப்பவில்லை. அறுவடைக்கு முந்தின வறண்ட மாதத்திலோ வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாத வாரத்திலோதான் பணம் நிற்கும். வெளிச்சம் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். பூட்டு இல்லாவிட்டால் கடன் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்ற வாதமும் எனக்குப் புரிகிறது. நாற்பது வீடு அளவில் அது தேவையே இல்லை என்பது என் கருத்து. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

மார்ச் 8

சரி, கணக்குக்கு வருவோம். எல்லோரும் கேட்கிறீர்கள்.

ஒரு வீட்டுக்கு மூன்று விளக்கு, ஒவ்வொன்றும் 3 வாட், தினம் ஐந்து மணி நேரம். 45 வாட்-மணி. போன் சார்ஜுக்கு 10 சேர்த்தால் 55. ஒயரிலும் கன்ட்ரோலரிலும் பேட்டரியிலும் கசிவதைச் சேர்த்து 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் என்பது நாளுக்கு நாலரை மணி நேரம் என்று எடுத்தால் 20 வாட் பேனல் 90 தர வேண்டும். தராது. பேனலின் வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. தகரக் கூரையோடு ஒட்டிக் கிடக்கிற பேனல் மத்தியானத்தில் 65 டிகிரிக்குப் போகும். டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் போனால் அங்கேயே 16 சதவீதம் காலி. தூசி இன்னும் கொஞ்சம் தின்னும். ஆக 20 வாட் பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளுக்கு மட்டும் சரியாக இருக்கும். மழைக்காலத்துக்கு 40 வாட் போடுங்கள். இன்றைய விலையில் பேனலைப் பெரிதாக்குவதுதான் மலிவான காப்பீடு. பேட்டரி தினமும் முழுக்க நிறைந்தால் அதன் ஆயுளும் கூடும்.

பேட்டரி: மேகமூட்டத்தில் இரண்டு ராத்திரி தாங்க வேண்டும், அதாவது 120 வாட்-மணி கிடைக்க வேண்டும். லெட்-ஆசிட் (கார் பேட்டரி வகை) என்றால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, எனவே 12 வோல்ட் 20 ஆம்பியர்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 சதவீதம்வரை இறக்கலாம், 12.8 வோல்ட் 12 ஆம்பியர்-மணி போதும். இரண்டாவதற்கு முதலில் விலை கூடுதல். ஆனால் 2000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், சுலபத்தில் தீப்பிடிக்காது. உறைபனி விழும் உயரமான ஊர் என்றால் மட்டும் யோசியுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கெட்டுவிடும்.

மலிவாகக் கிடைக்கிற லித்தியம் பேக்குகளில் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து கழற்றிய செல்லைப் புது உறை போட்டு விற்பதும் உண்டு. உறையில் எழுதியிருக்கும் ஆம்பியரை நம்பாதீர்கள். ஒன்றை வாங்கி, முழுக்க ஏற்றி, ஒரு விளக்கை மாட்டி, அணையும்வரை மணி பாருங்கள். ஒரு நாள் வேலை. நாற்பது வாங்குவதற்கு முன்பு செய்துவிட வேண்டிய வேலை.

மார்ச் 9

ஒயர். இதை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். 12 வோல்ட்டில் மூன்று விளக்கும் 15 மீட்டர் தள்ளி இருந்தால், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 0.4 வோல்ட்தான் இழப்பு. அதையே 0.2 மெல்லிய ஒயரில் இழுத்தால் 2 வோல்ட் போய்விடும். விளக்கு மங்கும். வீட்டுக்காரர் "பேட்டரி போச்சு" என்பார். நல்ல பேட்டரியை மாற்றிவிட்டுப் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 9, மாலை

பேனலை மாட்டும்போது கூரைக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், சூடு இறங்கும். குறைந்தது பதினைந்து டிகிரியாவது சாய்த்துவிடுங்கள், மழை தூசியை அடித்துக்கொண்டு போகும். பூமத்திய ரேகைக்கு வடக்கே என்றால் தெற்குப் பார்த்து, தெற்கே என்றால் வடக்குப் பார்த்து. இன்று வெட்டவெளியாக இருக்கும் இடத்தில் இரண்டு வருடத்தில் ஒரு கிளை வளர்ந்து நிற்கும். பேனலில் செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரே ஒரு செல்மேல் நிழல் விழுந்தாலும் மொத்தக் கரண்ட்டும் சரியும். கிளையை வெட்டுவது யார் என்பதும் ஏற்பாட்டில் சேர்த்தி.

மார்ச் 12

இலவசம் விஷயம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

வங்கதேசத்துக் கதையைச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு "எல்லோரும் காசு கொடுத்தே ஆக வேண்டும்" என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது நான் சொல்ல வந்ததல்ல. ஒவ்வொரு ஊரிலும் தவணையே கட்ட முடியாத நாலைந்து வீடு இருக்கும். தனியாக இருக்கும் வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள், கணவனை இழந்து கைக்குழந்தையோடு இருப்பவர்கள். தவணை முறையில் முதலில் விடுபடுவது அவர்கள்தான். பார்க்கப்போனால் திரி விளக்கைக் கவிழ்த்துவிடும் ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம்.

அதனால் உங்கள் விஷயத்தில் எனக்குச் சரியாகப் படுவது இது. பேனல், விளக்கு, ஒயர், முதல் பேட்டரி நீங்கள் கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இரண்டாவது பேட்டரிக்கான பணம் முதல் மாதத்திலிருந்தே ஊரில் சேர வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் போன் சார்ஜுக்கும் கொடுத்ததில் ஒரு பங்கு. அந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வரக் கூடாது, ஊர்க்காரர்கள் பெயரில் இருக்கட்டும். முடியாத வீடு எது என்று ஊரே முடிவு செய்யட்டும், அவர்கள் பங்கை நீங்கள் போடுங்கள். வெளியிலிருந்து வருகிற நமக்கு அது தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

இதில் இருந்து ஒரு பங்கு பழுது பார்க்கிறவருக்கும் போக வேண்டும். சும்மா வந்து பார் என்றால் யாரும் எத்தனை நாளைக்கு வருவார்கள்?

மார்ச் 13

பழுது பார்க்க ஊரில் படித்த பையன் யாராவது இருப்பானா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்த பையனைப் பிடிக்காதீர்கள். கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பிடிக்கக் கற்றதும் அவன் நகரத்துக்குக் கிளம்பிவிடுவான். அவன்மேல் தப்பில்லை, அங்கே நல்ல சம்பளம்.

ராஜஸ்தானில் திலோனியாவில் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் இதற்காகவே பாட்டிமார்களைத் தேர்ந்தெடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், பல நாடுகளிலிருந்து, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. சைகையும் நிறக் குறிகளும் வைத்து ஆறு மாதத்தில் சார்ஜ் கன்ட்ரோலரைச் சொந்தமாகச் சாலிடர் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பி வருவார்கள், ஊரிலேயே இருப்பார்கள். கிராமத்து வீடுகள் மாதாமாதம் கொடுக்கிற பணத்தில் அவர்களுக்குச் சம்பளம், உதிரிப் பொருளுக்கும் அதில்தான்.

இதை முதலில் கேள்விப்பட்டபோது பத்திரிகைக்காக அழகுபடுத்திச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் இதே மாதிரி கற்றுக்கொண்ட ஒரு பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் வாய்ப்பு வந்தது. ஐம்பது வயதுக்கு மேல். கன்ட்ரோலர் பலகையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, நகத்தால் ஒவ்வொரு இணைப்பையும் மெல்ல நெம்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் சாலிடர் மங்கலாக, மணல் மாதிரி இருந்தது. பளபளப்பாக இருக்க வேண்டிய இடம் அது. சரியாகப் பிடிக்காத சாலிடர், மீட்டர் வைத்தாலும் பாதி நேரம் காட்டிக்கொடுக்காது. அவர் மீட்டரை எடுக்கவே இல்லை. கம்பியைச் சூடாக்கி ஒரு தொடு தொட்டார், விளக்கு எரிந்தது. "இது ஆடுது, அவ்வளவுதான்" என்றார்.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது: வீட்டைவிட்டு எங்கும் போகாத, கை நிதானமுள்ள இரண்டு பெண்களைப் பிடியுங்கள். ஒருவர் போதாது, இரண்டு பேர். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊர் இருட்டாகக் கூடாது.

மார்ச் 13, இரவு

ஐஐடி பாம்பேயும் 2014இல் தொடங்கிய படிப்பு விளக்குத் திட்டத்தில் இதையே பெரிய அளவில் செய்தது. பத்து லட்சம் விளக்குகள், அந்தந்தப் பகுதி ஆட்களே பாகங்களைப் பூட்டினார்கள். பூட்டத் தெரிந்தவருக்குக் கழற்றவும் தெரியும். உங்கள் நாற்பது வீட்டுக்கும் பெட்டியாக வாங்காமல் பாகமாக வாங்கி ஊரிலேயே பூட்டினால் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும்.

மார்ச் 17

"இன்னும் இரண்டு வருடத்தில் கரண்ட் வந்துவிடும் என்கிறார்கள், அப்போது இதெல்லாம் வீண்தானே?" நல்ல கேள்வி. தர்னாயை நினைக்காமல் பதில் சொல்ல முடியாது.

பீகாரில் ஜஹானாபாத் மாவட்டத்துக் கிராமம். 2014இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே ஊருக்கே கரண்ட் கொடுக்கும் 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் அமைத்தது, நாடே பேசியது. ஆனால் ஊர் மக்களில் பலர் கேட்டது "அசல் கரண்ட்". சோலாரில் விளக்கும் ஃபேனும் ஓடின, ஃபிரிட்ஜ் போன்றவற்றைப் போடாதீர்கள் என்றார்கள், யூனிட் விலையும் அதிகம். சீக்கிரமே அரசு மின்கம்பியும் வந்தது, மக்கள் அதற்கு மாறினார்கள். பேட்டரிகள் தீர்ந்ததும் யாரும் மாற்றவில்லை. கடைசியில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள்.

இதைச் சொல்லி சோலாரைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மக்கள் கேட்டது நியாயமானது. நகரத்தில் இருக்கிறவருக்குக் கிடைப்பது எனக்கும் வேண்டும் என்றார்கள், அதில் என்ன தவறு? சோலார் விளக்கைக் கொண்டுபோகும்போது "இதுதான் உங்களுக்கு, இதோடு திருப்திப்படுங்கள்" என்ற தொனி வந்துவிட்டால் அது அவமானம். கரண்ட்டுக்கு மனு போடுவதை ஊர் நிறுத்தக் கூடாது. உங்கள் விளக்கைக் காட்டி "இந்த ஊருக்கு வெளிச்சம் வந்துவிட்டது" என்று எந்த அதிகாரியும் கோப்பை மூடவும் கூடாது.

கோப்பில் மூடுவது எத்தனை சுலபம் என்பதற்கு: இந்தியாவில் ஒரு கிராமத்தில் பத்து சதவீத வீடுகளுக்கும் பள்ளி போன்ற பொது இடங்களுக்கும் இணைப்பு இருந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங்கோடு எல்லாக் கிராமங்களுக்கும் வந்துவிட்டது என்று அறிவித்தபோது இருந்த கணக்கு அதுதான். வீடுகளுக்கான சௌபாக்யா திட்டம் தனியாக 2017இல் தேவைப்பட்டது அதனால்தான்.

கரண்ட் வந்தாலும் உங்கள் அமைப்பு வீணாகாது. புதுக் கம்பி போன ஊர்களில் சாயங்காலம்தான் அடிக்கடி கரண்ட் போகும். அப்போது இதை எரிக்கலாம்.

மார்ச் 18

ஒரு எச்சரிக்கை. நன்கொடை கேட்கும்போது "விளக்கு வந்தால் பிள்ளைகள் படிப்பார்கள், வருமானம் உயரும்" என்றெல்லாம் எழுதாதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பகுதியில் ஒரு குழு முறையாகச் சோதித்து 2017இல் வெளியிட்டது. சில கிராமங்களுக்கு சோலார் மைக்ரோகிரிட் கொடுத்து, கொடுக்காத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது. சேமிப்பு, தொழில், படிக்கும் நேரம் இவற்றில் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை.

எனக்கு இது ஏமாற்றமாகவே இல்லை. ராத்திரி எழுந்து வெளியே போகும்போது காலடியில் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க முடிவது, விளக்குப் புகை இல்லாமல் சமைப்பது, குழந்தை அழுதால் அதன் முகத்தைப் பார்க்க முடிவது, இதற்கெல்லாம் வருமானக் கணக்கு எதற்கு? நமக்கு வீட்டில் லைட் போட யாராவது காரணம் கேட்கிறார்களா?

பிரசவம் மட்டும் வேறு விஷயம். அங்கே வெளிச்சம் நேரடியாக உயிர். மகப்பேறு மருத்துவர் லாரா ஸ்டேச்சல் 2008இல் நைஜீரிய மருத்துவமனையில் இருட்டில் நடக்கும் பிரசவங்களைப் பார்த்துவிட்டு, கணவரோடு சேர்ந்து பெட்டிக்குள் அடங்கும் சோலார் அமைப்பைச் செய்தார். மஞ்சள் சூட்கேஸ், அதில் விளக்கு, போன் சார்ஜர், கருவின் இதயத் துடிப்பு கேட்கும் கருவி. உங்கள் ஊரில் துணை சுகாதார நிலையம் ஏதாவது இருந்தால் நாற்பது வீட்டுக்கு முன்னால் அதற்குப் போடுங்கள்.

மார்ச் 23

கேள்வி கேட்டவர் ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். மகிழ்ச்சி. பெண்கள் முதலில் கேட்டது தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு ஒரு விளக்கு, ஆண்கள் கேட்டது போன் சார்ஜ் என்கிறார். இரண்டையும் செய்யுங்கள். போன் சார்ஜுக்கு அமைப்பில் இடம் விடாவிட்டால் மக்களே இடம் எடுத்துக்கொள்வார்கள். கன்ட்ரோலர் பேட்டரியைக் காப்பாற்ற விளக்கை அணைத்ததும், பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து போனைச் செருகுவார்கள். பல வீடுகளில் பார்த்தேன். லெட்-ஆசிட் அப்படிக் காலியாகக் காலியாகத் தகட்டில் உப்புப் படிந்து ஒரு வருடத்திலேயே செத்துவிடும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, கிளிப் இல்லாமல் வெறும் கம்பி சுற்றியிருந்தால் அங்கே அதுதான் நடந்திருக்கிறது.

திட்டினால் நிற்காது. கன்ட்ரோலரில் சிவப்பு லைட் எரிந்தால் என்ன அர்த்தம் என்று வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நேராகக் காட்டிக்கொடுங்கள். வாங்கி வைத்த ஆணுக்கு மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம், சாயங்காலம் விளக்கைப் போடுவது அவரல்ல.

மார்ச் 30

பட்டியல் கேட்டதால் கடைசியாக. நாற்பது வீட்டுக்கும் ஒரே மாதிரி பேனல், ஒரே கன்ட்ரோலர், ஒரே விளக்கு. கலந்து வாங்கினால் உதிரிப் பாகம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நாற்பத்திரண்டு செட்டாக வாங்கி இரண்டை ஊரிலேயே உதிரியாக வையுங்கள். இரண்டு மல்டிமீட்டர், இரண்டு சாலிடரிங் அயர்ன். கரண்ட் இல்லாத ஊர் என்பதை மறந்து சாதாரண அயர்ன் வாங்கிவிட வேண்டாம், 12 வோல்ட்டில் ஓடுவதாக வாங்குங்கள். ஃப்யூஸ் ஒரு டப்பா நிறைய, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒன்று. கூடவே தூக்கிக்கொண்டு போகும் கையடக்க விளக்கு வாங்குவதாக இருந்தால் உலக வங்கிக் குழுவின் லைட்டிங் குளோபல் தரச் சோதனையில் தேறியதா என்று பாருங்கள். இப்போது வெராசோல் என்ற பெயரில் நடக்கிறது.

லெட்-ஆசிட்தான் முடியும் என்றால், பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விற்பனையாளரிடமே வாங்குங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் யாரோ வாசலில் உடைத்து ஈயத்தை உருக்குவார்கள், அந்த மண்ணில்தான் குழந்தைகள் விளையாடும். பழையதைக் கொண்டுவந்தால்தான் ஊர்ப் பணத்திலிருந்து புதிது என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். பயிற்சிக்கு எந்த வாரம் என்று முடிவானதும் எழுதுங்கள். அந்த இரண்டு பெண்களுக்கும் சாலிடர் கற்றுத்தர நான் வருகிறேன்.